தாம்பாள வெளிச்சம்

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடி தெய்வானை, இன்னும் கொஞ்சம்"கிறாரு. சாய்ச்சாச்சு. இதுக்கு மேல சாய்ச்சா நானே சாயணும். ஜன்னல்ல வர்ற காலை வெயிலை எவர்சில்வர் தாம்பாளத்துல வாங்கி அப்படியே தரைக்குத் திருப்பி விடணும், அதுதான் இன்னைக்கு எனக்குக் குடுத்திருக்கிற உத்தியோகம். தரையில இவரோட வெள்ளை வேட்டி நாலா மடிச்சு விரிச்சுக் கிடக்கு. வேட்டி மேல மூணு பூனைக்குட்டி. செவலை ஒண்ணு, கறுப்பும் வெள்ளையுமா ஒண்ணு, சாம்பல்ல வரி ஓடுனது ஒண்ணு. அதுங்களுக்கு எதிர்ல எழுபது வயசு மனுஷன் குப்புறப் படுத்து, முழங்கையை ஊணி, மகன் பூனாவுல இருந்து வாங்கி அனுப்புன போனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, மூச்சை அடக்கிக்கிட்டுக் கிடக்காரு. ஃப்ளாஷ் போட மாட்டாராம். கண்ணு இப்பத்தான் திறந்திருக்காம், பிஞ்சுக் கண்ணாம், கூசுமாம். அக்கறை பொங்குது. எனக்குக் கண்ணுல புரை எடுத்துட்டு வந்த அன்னைக்கு டியூப்லைட்டை அணைங்கன்னு நாலு தரம் சொல்லியும் பேப்பரைப் படிச்சு முடிச்சுட்டுத்தான் அணைச்சாரு, அதே மனுஷன்தான் இது. தாய்ப்பூனை யாரோடதும் இல்லை. இந்த எல்லீஸ் நகர் குடியிருப்பு மாடிப்படியில சுத்திக்கிட்டுத் திரிஞ்சது, எங்க கட்டிலுக்கு அடியில பழைய சேலை மூட்டைக்குப் பின்னாடி புகுந்து குட்டி போட்டுருச்சு. நாளைக்குத் திருமங்கலத்துல இருந்து ஒரு குடும்பம் வந்து தாயையும் குட்டிகளையும் சேர்த்தே தூக்கிட்டுப் போறதாப் பேச்சு. தோட்டம் இருக்காம், தோட்டத்துல எலி இருக்காம். அதனாலதான் இந்த அமர்க்களம். காப்பி குடிக்கும்போதே சொன்னாரு. "இன்னைக்கே நல்லா எடுத்து வச்சிரணும் தெய்வானை. போயிருச்சுன்னா அப்புறம் எப்படி இருந்துச்சுங்கன்னு நமக்கே மறந்துரும். போட்டோ இருந்தாத்தான் முகம் நிக்கும்." சொல்லிட்டு டம்ளரை வச்சுட்டு வேட்டி தேடப் போயிட்டாரு. நான் அடுப்படியிலயே நின்னேன். பால் பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்ச பிறகுதான் பாத்திரத்தை இறக்குனேன்.

போட்டோ இருந்தாத்தான் முகம் நிக்கும். யாரு சொல்றா பாரு. இதே வாய்தான், எங்களுக்கு முதல்ல பிறந்த பொம்பளைப் பிள்ளையை ஒரு படம், ஒரே ஒரு படம் எடுங்கன்னு நான் கெஞ்சுனப்ப, "அம்மா வேணாங்கிறாங்க, விடேன்"னுட்டு சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போனது. நாப்பது வருஷம் ஆச்சு. ஒரு மாசம்கூடத் தங்கலை அவ. முப்பதாம் நாள் பேர் வைக்கிறதா இருந்துச்சு, அதுக்குள்ள காய்ச்சல் வந்து போயிட்டா. பேர் இல்லை. படம் இல்லை. ரேஷன் கார்டுல ஏறலை, ஜாதகம் எழுதலை. பச்சைப் பிள்ளைன்னு சடங்கு இல்லை, திதி இல்லை, சுவத்துல மாலை போட்டு மாட்ட ஒண்ணும் இல்லை. துக்கம் கேக்க வந்தவளுக எல்லாம் எப்படி ஆறுதல் சொன்னாளுக தெரியுமா, பேர் வைக்கிறதுக்கு முன்னாடி போனதுகூட ஒரு நல்லதுக்குத்தான், பேர் இருந்தா கூப்பிடத் தோணிக்கிட்டே இருக்கும்னு. கூப்பிடத் தோணலைன்னு யாருடி உங்களுக்குச் சொன்னது? பாப்பான்னு கூப்பிட்டேன். இப்பவும் தோணுது. இந்தச் செவலைக்குட்டி வாயைத் திறந்து சத்தமே வராம ஒரு கத்து கத்துது, உடனே இவரு, "என்னடா பாப்பா, என்ன வேணும் பாப்பா"ன்னு கொஞ்சுறாரு. பாப்பாவாம். அந்த வார்த்தையை இந்த மனுஷன் வாயில நாப்பது வருஷமா நான் கேட்டதே இல்லை. சொந்த மகன் பிறந்தப்பகூடத் தம்பின்னுதான் கூப்பிட்டாரு. எங்க வச்சிருந்தாரோ இம்புட்டு நாளா, எடுத்துப் பூனைக்குக் குடுத்துட்டாரு. "ஆட்டாத, ஆட்டாத"ங்கிறாரு. தாம்பாளத்து வெளிச்சம் வேட்டியை விட்டு எகிறிச் சுவத்துல ஏறி, காலண்டர்ல ஏறி, தடுமாறி இறங்கி வருது. தோள்பட்டை வரைக்கும் வலி. ஆடாம எப்படி இருக்கும்.

எங்க அத்தைக்கு, அதான் இவரைப் பெத்த மகராசிக்கு, ஒரு சட்டம் இருந்துச்சு. முடி இறக்கிக் காது குத்துற வரைக்கும் பிள்ளையைப் படம் எடுக்கக் கூடாது. எடுத்தா கண்ணுபடும், ஆயுசு குறையும். அப்ப எல்லா வீட்டுலயும் அப்படித்தான் சொன்னாங்க, அத்தை மேல மட்டும் பழி போட முடியாது. ஆனா போடுவேன். செத்துப் பத்து வருஷம் ஆனாலும் போடுவேன், எனக்கு வேற யாரு இருக்கா. சிம்மக்கல் பக்கம் ஒரு வளவு, எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே முற்றம், ஒரே குழாய், அம்புட்டுப் பேருலயும் கேமரா வச்சிருந்தது இவரு ஒருத்தருதான். தங்கச்சி விசாலாட்சி கல்யாணத்துக்குன்னு வாங்குனது. கொலு வச்சா இவரைக் கூப்பிடுவாங்க, பக்கத்து வீட்டுல புதுசா ஃபேன் மாட்டுனா அதுக்கும் கூப்பிடுவாங்க. கல்யாணத்துல எடுத்தது போக ஃபிலிம்ல கடைசியாக் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. மிச்சத்தோட கழுவக் குடுக்க யாருக்கும் மனசு வராது அப்பெல்லாம். நான் தூளிக்குப் பக்கத்துல உக்காந்து மனசுக்குள்ள கோட்டை கட்டிக்கிட்டு இருந்தேன், அந்த மிச்சம் எனக்குத்தான், எம்பிள்ளைக்குத்தான், அத்தை கோயிலுக்குப் போற நேரமாப் பார்த்துக் கேட்டுக்கலாம்னு. கேட்டதும் விடேன்னாரு, சட்டையை மாட்டுனாரு. அந்த வாரமே இவரு ஆபீஸ் சிநேகிதர் புது ஸ்கூட்டர் வாங்கிட்டு வந்து வளவு வாசல்ல நிறுத்துனாரு. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வச்சு, முன்சக்கரத்துல எலுமிச்சம்பழம். இவரு ஓடிப் போயி கேமராவை எடுத்துட்டு வந்து, முன்னாடி இருந்து ஒண்ணு, பக்கத்துல இருந்து ஒண்ணு, சிநேகிதரை ஏறி உக்காரச் சொல்லி ஒண்ணு. ஃபிலிம் தீர்ந்துருச்சு. ஸ்கூட்டருக்குக் கண்ணுபடாதா? அதுக்கு எலுமிச்சம்பழம் கட்டியிருந்துச்சு, படாது. அவ போனதுக்கு அப்புறம் அந்தப் படங்கள் கழுவி வந்துச்சு. பக்கத்துல இருந்து எடுத்த படத்துல ஸ்கூட்டருக்குப் பின்னாடி எங்க வீட்டுக் கதவு திறந்து கிடக்கு, உள்ளே இருட்டுல தூளி தொங்குது, என் பச்சைச் சேலையில கட்டுன தூளி, அடிப்பக்கம் லேசா உப்பி இருக்கு. கனம் தெரியுது. உள்ள ஆள் இருக்குன்னு தெரியுது. எம்பிள்ளைக்குன்னு இருந்த ஒரே படம் அதுதான், அடுத்தவன் ஸ்கூட்டருக்குப் பின்னாடி ஒரு சேலை மூட்டை. ஒருக்கா கூரை ஒழுகி ஆல்பம் நனைஞ்சப்ப ஸ்கூட்டர் தப்பிச்சிருச்சு. கதவு இருந்த பக்கம் மட்டும் ஊறிப்போயி மஞ்சளாயிருச்சு.

போன் டொய்ங்குது. குடும்ப குரூப்புல இவரு இதுவரைக்கும் எடுத்ததை எல்லாம் தள்ளி விட்டுட்டாரு போல. விசாலாட்சி பேசி அனுப்பியிருக்கா, சத்தமா வச்சுக் கேக்குறாரு. "அண்ணே, என்னா அழகா இருக்குங்கண்ணே! இப்படி ஊரைக் கூட்டிக் காட்டாதீங்க, கண்ணு பட்டுரும். ஒரு திருஷ்டிப் பொட்டு வச்சு எடுங்க. மதினிகிட்டச் சொல்லுங்க." சிரிப்பா வருது எனக்கு. வாய்விட்டுச் சிரிச்சேன்னா நிறுத்த முடியாது, அதனால சிரிக்கலை. "மை இருக்கா தெய்வானை"ங்கிறாரு. "இந்த வயசுல மையிட்டு நான் யாரை மயக்கப் போறேன்"னேன். அதோட விடுவாருன்னு பார்த்தா, எழுந்து போயி சாமி விளக்குக் கரியை விரல்ல எடுத்துட்டு வந்து செவலை நெத்தியில ஒரு பொட்டு வச்சாரு. குட்டிக்கு நெத்தி எது, மூஞ்சி எது, எல்லாம் ஒண்ணுதான். பொட்டு வச்சுக்கிட்டு அது திருதிருன்னு முழிக்குது. இவரு ஒரு படம் எடுக்கிறதுக்குள்ள தாய்ப்பூனை சமையல்கட்டுல இருந்து வந்து, என்னடா எம்பிள்ளை மூஞ்சியில அசிங்கம்னு கேக்குற மாதிரி இவரை ஒரு முறை முறைச்சுட்டு, ஒரே நக்குல துடைச்சு எடுத்துருச்சு. சபாஷ்டி. எனக்கு அந்த நாக்கு இல்லாமப் போச்சு. எனக்கு வாயே இல்லாமப் போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு மகன் குமரகுரு பிறந்தானே, அப்ப அந்தச் சட்டம் எங்க போச்சு? தீட்டுக் கழிஞ்ச மறுநாளே ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கு வரவழைச்சாங்க. அத்தைதான் ஆள் விட்டாங்க. "எதுவும் நிலையில்லைம்மா, எடுத்து வச்சுக்குவோம்"னாங்க. எதுவும் நிலையில்லைங்கிறதை ஒரு பொம்பளைப் பிள்ளையைக் குடுத்துக் கத்துக்கிட்டாங்க. இல்லை, அப்படியும் இல்லை, ஆம்பளைப் பிள்ளைன்னதும் கண்ணேறுகூட லீவு போட்டுட்டுப் போயிருச்சு. ஃப்ளாஷ் அடிச்சாங்க அன்னைக்கு, பளீர்னு. பிஞ்சுக் கண்ணு கூசுமேன்னு யாரும் சொல்லலை.

பூனை ஒருக்களிச்சுப் படுத்துருச்சு. வேட்டி மேலயே. மூணும் உருண்டு புரண்டு ஓடிப் போயி மடியைப் பிடிச்சுருச்சுங்க. கண்ணை மூடிக்கிட்டு முன்னங்காலால மாத்தி மாத்தி அமுக்குதுங்க, பால் சுரக்க. "ஆஹா, இதுதான் வேணும், இதுதான் வேணும், அசையாத"ன்னு என்கிட்டச் சொல்றாரா பூனைகிட்டச் சொல்றாரா தெரியலை, ரெண்டு பேருமே அசையலை. என் நெஞ்சு குறுகுறுங்குது. அறுபத்து நாலு வயசுல, வத்திப் போன உடம்புல, என்ன கேடு இது. அவ போனதுக்கு மறுநாள்தான் எனக்குப் பால் கட்டுச்சு. பிள்ளை போனது உடம்புக்குத் தெரியலை. ரவிக்கை நனைஞ்சு, கல்லு மாதிரி இறுகி, கையை மேல தூக்க முடியாம, காய்ச்சல் வந்து கிடந்தேன். பால் வத்தணும்னு அத்தை மல்லிகைப்பூ வாங்கிட்டு வந்து ரெண்டு பக்கமும் அப்பி வச்சுத் துணியால இறுக்கிக் கட்டி விட்டாங்க. மதுரையில மல்லிக்கா பஞ்சம். காலையில ஒரு கட்டு, சாயங்காலம் ஒரு கட்டு. கல்யாணத்துக்குத் தலையில வச்ச அதே பூ. உடம்புச் சூட்டுல பூ வெந்து, பாலும் பூவும் கலந்து ஒரு வாடை வந்துச்சு பாரு, அதை நான் இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் சொல்லிப் புரிய வச்சதில்லை. அதுக்கப்புறம் நான் மல்லிகை வச்சதில்லை. "எதுக்கு மதினி பூ வைக்க மாட்டேங்கிறீங்க, சுமங்கலிதானே"ன்னு விசாலாட்சி ஊர் முழுக்கக் கேட்டா. தலைவலிம்மான்னு சொல்லி வச்சேன். இவருக்குத் தெரியும்னு நினைச்சேன். ஒருநாள் சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல ஆசையா ரெண்டு முழம் வாங்கிட்டு வந்து நீட்டுனாரு. தெரியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். "வாங்கிக்க, வாடிரும்"னாரு. வாங்கிக்கிட்டுப் போயி சாமிக்குப் போட்டேன். சாமி வச்சுக்கிரும், சாமிக்கு என்ன.

வரிக்குட்டி மடி கிடைக்காம மத்த ரெண்டு மேலயும் ஏறி மிதிக்குது. அது முகம் இப்ப வெளிச்சத்துல நல்லாத் தெரியுது, மூக்கு நுனியில பால் சொட்டு. இன்னைக்குப் பார்த்ததை நாளைக்கு நினைச்சா வரும். அடுத்த மாசம் நினைச்சா வருமா? இவரு சொன்னது சரிதான், அதுதான் வயித்தெரிச்சல், இவரு சொன்னது சரி. அவ முகத்தை நான் ஒருநாளும் விட்டதில்லை. விட்டா போயிரும்னு தெரியும். பிடிக்க வேற எதுவும் இல்லை, நினைப்புதான். தினம் ஒருக்கா எடுத்துப் பார்த்து வச்சிருவேன், நகைப்பெட்டியைத் திறந்து பார்த்துட்டு மூடுற மாதிரி. அரிசி களையும்போது பார்ப்பேன். பஸ்ல ஜன்னலோரம் கிடைச்சா பார்ப்பேன். நீள முகம். மாநிறம். எங்க அம்மா நாடி, முகவாய் நடுவுல ஒரு சின்னக் குழி. தலை மொழுமொழுன்னு, பூனைமுடிகூட இல்லை, உள்ளங்கையை வச்சா சுட்ட அப்பளம் கணக்கா ஒரு சூடு இருக்கும். அந்தச் சூடு இந்த வலது கையில இப்பவும் இருக்கு, தாம்பாளத்தைப் பிடிச்சிருக்கே இந்தக் கையில. ஆனா இடைஞ்சல் நிறைய. எப்ப அவளை வரவழைச்சாலும் கூடவே அந்த ஸ்டுடியோக்காரர் எடுத்த குமரகுரு படம் குறுக்க வந்து நிக்கும். கண்ணாடி ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டி, தினம் தூசி தட்டித் தட்டி, கண்ணை மூடுனாலும் அதுதான். அதைத் தள்ளிட்டு இவளை இழுக்கணும். அடுத்து விசாலாட்சி பெத்த மூணு, அக்கம் பக்கத்துல நான் குளிப்பாட்டி விட்ட பிள்ளைங்க, பேரன் பூனாவுல இருந்து போன்ல காட்டுற மூஞ்சி, எல்லாம் வரிசையில முண்டும். எல்லாத்தையும் ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில நிக்கிறவதான் அவன்னு பிடிச்சுக்கிருவேன். சில நாள் பயமா இருக்கும். கடைசியில நிக்கிறது அவதானா? யாரைக் கேக்க? அத்தை போயாச்சு, எங்க அம்மா போயாச்சு. வைத்தியம் பார்த்த டாக்டரம்மா போயாச்சு. விசாலாட்சி அப்பவே புருஷன் வீட்டுக்குப் போயிட்டா, இவளைப் பார்க்கவே இல்லை. வளவே போயாச்சு, இடிச்சு ஜவுளிக்கடை கட்டிட்டான். அவ முகத்தைப் பார்த்த கண்ணு இந்த உலகத்துல நாலுதான் மிச்சம். என்னது ரெண்டு. இதோ குப்புறப் படுத்துக்கிட்டு ஒத்தைக் கண்ணைச் சுருக்கிப் பூனையைப் பார்க்குதே, அது ரெண்டு.

அந்த ரெண்டும் போன மாசம் போயிருக்கும். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்ரூம் வாசல்ல உக்காந்தாரு. ஆஸ்பத்திரியில உள்ள கொண்டு போயி குழாய் மாதிரி ஏதோ வச்சு அடைப்பை எடுத்தாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். சாமி, தாலியைக் காப்பாத்துன்னு வேண்டுனேன்தான், வேண்டாமலா. ஆனா அதுக்கு அடியில வேற ஒண்ணு ஓடுச்சு, வெளிய சொன்னா காறித் துப்புவாங்க. கேக்காம விட்டுட்டேனே, கேக்காம விட்டுட்டேனேன்னு ஓடுச்சு. இவருதான் அவளைக் கடைசியாப் பார்த்தது. துண்டுல சுத்தி, இவரும், இப்ப உயிரோட இல்லாத இவரோட மாமாவும் தூக்கிட்டுப் போனாங்க. பொம்பளைங்க வரக் கூடாதுன்னு என்னை வாசலோட நிறுத்திட்டாங்க. எங்க வச்சீங்கன்னு கேட்டதுக்கு ஆத்தோரம்னு மட்டும் சொன்னாரு. ஆத்துக்கு ஓரம் இல்லாத இடம் எது. அதுக்கு மேல கேட்டா அத்தை விடலை, போனதைப் பத்திப் பேசுனா வயித்துல அடுத்தது தங்காதுன்னுட்டாங்க. அடுத்தது தங்குச்சு. அப்புறமும் பேசலை. வழக்கமாயிருச்சு. நாப்பது வருஷம் ஒரு வீட்டுல சாம்பார் பத்திப் பேசியிருக்கோம், கரண்ட் பில் பத்திப் பேசியிருக்கோம், இப்ப பூனை பத்திப் பேசுறோம். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் கேட்டுரணும்னு நினைச்சேன். அதிர்ச்சி குடுக்கக் கூடாதுன்னாங்க. மாத்திரை குடுக்கும்போது கேப்போம்னு நினைச்சா, தண்ணி குடிங்கன்னு வருது. வாயைத் திறந்தா வேற ஒண்ணு வந்து நிக்கிது. எதுக்குப் பயப்படுறேன்? மறந்துருச்சுன்னு சொல்லிருவாரோன்னு. சொன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. இந்தத் தாம்பாளத்தை அந்த மண்டையில போட்டாலும் போடுவேன், ஸ்டென்ட்டாவது கிண்ட்டாவது. இன்னொரு பக்கம், ஆமா, நீள முகம், மாநிறம், உங்க அம்மா நாடின்னு ஒரே ஒருக்கா இவரு வாயால சொல்லிட்டா போதும். ரெண்டு பேரு பார்த்தது ஒண்ணா இருந்தா அது உண்மை. அப்புறம் நான் தினம் எடுத்துப் பார்க்க வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கும். "அருமை, அருமை"ங்கிறாரு. "தாம்பாளத்தைக் கீழ வையேன், கை வலிக்கும்"கிறாரு. இப்பத்தான் தெரிஞ்சுச்சா. வச்சேன். அறையில சட்டுனு வெளிச்சம் குறைஞ்சு போச்சு, பூனைங்க உறிஞ்சுற சத்தம் மட்டும் கேக்குது.

"ஏங்க"ன்னேன். "ம்"னாரு, கண்ணு போன்ல. "பாப்பா எப்படி இருந்தா?" கேட்டுட்டேன். வாயில இருந்து விழுந்துருச்சு. "செவலையா? அதுதான் எல்லாத்துலயும் நல்லா விழுந்திருக்கு, இந்தா பாரு"ன்னு போனை நீட்டுறாரு. "நம்ம பாப்பா"ன்னேன். நீட்டுன கை நீட்டுன மேனிக்கு நின்னுச்சு. அப்புறம் மெதுவாத் தரையில கையை ஊணி எழுந்து உக்காந்தாரு. அதெல்லாம் எதுக்கு இப்பன்னு சொல்லுவாரு, அத்தை சொன்ன மாதிரியே சொல்லுவாருன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். சொல்லலை. போனைக் குப்புற வச்சாரு. எங்கேயும் தேடலை, யோசிக்கலை, கையில வச்சிருந்ததை எடுத்துக் குடுக்குற மாதிரி சொன்னாரு. "நல்ல கறுப்பு. உருண்டை முகம். எங்கம்மா மூக்கு. தலை நிறைய முடி, சுருட்டை சுருட்டையா, காதை மூடிக்கிட்டு." சொல்லும்போதே ஆள்காட்டி விரலால காத்துல சுருட்டிச் சுருட்டிக் காட்டுறாரு. முடியா? எந்த முடி? யாரு பிள்ளையைச் சொல்றாரு இந்த மனுஷன்? "இல்லைங்க. முடியே இல்லை அவளுக்கு. மொழுமொழுன்னு இருக்கும். நீள முகம். எங்க அம்மா நாடி"ன்னேன். "இல்லை தெய்வானை." "நீங்க விசாலாட்சி மகளை நினைச்சுக்கிட்டுச் சொல்றீங்க. அதுக்குத்தான் பிறக்கும்போதே அம்புட்டு முடி. உங்களுக்கு மறந்துருச்சு." சண்டைக்கு வரலை அவரு. சண்டைக்கு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும், நான் ஜெயிச்சிருப்பேன். "எனக்கு மறக்காது"ன்னாரு. "குழிக்குள்ள இறக்கி வச்சதும் மாமா மண்ணைத் தள்ளிட்டாரு. துண்டு விலகியிருந்துச்சு. முதல்ல தள்ளுன மண்ணு தலையில விழுந்துருச்சு. ஈர மண்ணு. முடியில ஒட்டிக்கிச்சு. நான் குனிஞ்சு தட்டி விட்டேன், போக மாட்டேங்குது, சுருட்டைக்குள்ள போயிருச்சு. ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே இருந்தேன். போதும் விடுறான்னு மாமா திட்டுனாரு." விரல் இன்னும் காத்துல அப்படியே இருக்கு, எதையோ பொறுக்குற மாதிரி. அதை அவரே பார்த்துக்கிட்டு இருக்காரு.

வேற எது சொன்னாலும் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன். நிறம்னா இருட்டுல பார்த்தீங்கன்னு சொல்லியிருப்பேன், மூக்குன்னா ஆசையில சொல்றீங்கன்னு சொல்லியிருப்பேன். மண்ணைப் பொறுக்குன விரல்கிட்ட என்னத்தைப் பேச. அப்ப என் உள்ளங்கையில சுடுறது யாரு தலை? குமரகுருதான் மொட்டையாப் பிறந்தான். நீள முகம் அவனுக்குத்தான். எங்க அம்மா நாடியும் குழியும் அவனுக்குத்தான், இப்பவும் தாடிக்குள்ள இருக்கு. தள்ளித் தள்ளி விட்டேனே, அவன்தான் ஒவ்வொரு தடவையும் சுத்தி வந்து அவ இடத்துல நின்னிருக்கான். நாப்பது வருஷம் பொத்திப் பொத்திப் பார்த்துட்டு மூடுனது மகளை இல்லை. அவ எப்பவோ போயிட்டா, எந்த வருஷம்னுகூட எனக்குத் தெரியலை. சுருட்டை முடி வச்ச ஒரு கறுத்த பிள்ளையை இப்ப, இந்த நிமிஷம், முதல் தடவையாப் பார்க்கிறேன். யாரோ மாதிரி இருக்கு. பார்த்தா ஒண்ணும் தோணலை எனக்கு. அந்த ஒண்ணும் தோணாததுதான் தாங்க முடியலை. எல்லாம் உங்களாலதான், அந்த மிச்ச ஃபிலிம்ல ஒண்ணு எடுத்திருந்தா இன்னைக்கு இப்படி நிப்பேனான்னு கத்தணும்னு தொண்டை வரைக்கும் வந்துருச்சு. நிமிர்ந்து பார்த்தேன். இவரு என்னையே பார்த்துக்கிட்டு இருக்காரு. கண்ணு ரெண்டும் செவந்து, வாய் ஒரு பக்கமாக் கோணி, அடிவாங்குன பிள்ளை மாதிரி. இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. இந்த மனுஷனும் இத்தனை வருஷமாத் தனியாத்தான் வச்சிருந்திருக்காரு, கேக்க ஆள் இல்லாம. "அப்படித்தானே இருந்தா, தெய்வானை?"ன்னாரு. "உனக்கும் ஞாபகம் இருக்குல்ல? எனக்காகச் சொல்லு."

"ஆமாங்க"ன்னேன். "சுருட்டை முடிதான்."